கல்லூரி டென்னிஸில் அயல்நாட்டுப் பெண்கள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பரிசீலனை

2025ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில், இந்தோனேஷியாவின் ஜானிஸ் ஜென் என்னும் இருபத்துமூன்று வயதுப் பெண், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என்ற கணக்கில் வென்று சென்னை ஓபன் பட்டத்தைப் பெற்றார். 2002க்குப் பிறகு இந்தோனேஷியப் பெண் ஒருவர் உலகச் சுற்றில் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை என்பதைப் பத்திரிகைகள் சிறப்பாக எழுதின. ஆனால் அந்தப் பெண் எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தார் என்பதைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவில் முதலில் ஓரிகன் சர்வகலாசாலையிலும் பின்னர் கலிபோர்னியாவின் பெப்பர்டைன் சர்வகலாசாலையிலும் சேர்ந்து, அந்தக் கல்லூரி அணிகளுக்காக ஆடிக்கொண்டே படித்து, பட்டம் பெற்ற பிறகுதான் அவர் முழுநேர ஆட்டக்காரியானார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் அதே அரங்கில் அதே பட்டத்தை வென்ற செக் நாட்டுச் சிறுமி லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு அப்போது பதினேழு வயது. அவர் கல்லூரிப் பக்கமே போகாமல் நேரே தொழிலுக்கு வந்தவர். இந்த இரண்டு வழிகளில் முதல் வழி, அதாவது அமெரிக்கக் கல்லூரிகள் உலகமெங்கும் தேடி அயல்நாட்டுப் பெண்களை அழைத்துச் சென்று படிப்பும் உணவும் உறைவிடமும் கொடுத்துத் தங்களுக்காக ஆடவைக்கும் வழி, கடந்த முப்பது ஆண்டுகளில் எவ்வளவு அகன்றிருக்கிறது, அதைப் பற்றி எழுந்துள்ள ஆட்சேபங்கள் யாவை, அவற்றில் நியாயம் எவ்வளவு, கம்பம் பள்ளத்தாக்கில் பெண் குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகள் அயல்நாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது ஆண்கள் டென்னிஸில் பழைய வழக்கம். பெரு நாட்டின் அலெக்ஸ் ஓல்மேடோ, தென் கலிபோர்னியா சர்வகலாசாலைக்காக ஆடி, 1956இலும் 1958இலும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். அதே சர்வகலாசாலையின் மாணவரான மெக்ஸிகோவின் ரஃபேல் ஓசுனா 1962இல் வென்றார். பெண்களின் கதை வெகு காலம் பிந்தித் தொடங்கியது. தொடங்கியதற்குக் காரணமும் டென்னிஸுக்கு அப்பாற்பட்டது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்விக்கூடமும் ஆண், பெண் என்று பேதம் பாராட்டலாகாது என்று விதித்தது. அச்சட்டத்தின் முழு வலிமை விளையாட்டு மைதானத்தில்தான் வெளிப்படும் என்று அதை இயற்றியவர்களில் பலரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து ஒன்றே எண்பதுக்கு மேற்பட்ட உபகாரச் சம்பளங்களை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஈடு செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் கல்லூரிகளுக்கு ஏற்படவே, பெண்களுடைய ஆட்டங்களுக்கு அவை தாராளமாக இடம் ஒதுக்கத் தலைப்பட்டன. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான தன் முதல் டென்னிஸ் வாகையர் போட்டியை 1982இல் நடத்தியது. 2025 வரை அதன் உயர் பிரிவில் ஆண்கள் டென்னிஸ் அணிக்கு நான்கரை உபகாரச் சம்பளம் இருந்தது. அதைப் பலருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பெண்கள் அணிக்கோ எட்டு. அந்த எட்டும் முழுமையானவை. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம் அனைத்தும் அதில் அடங்கின. அத்தகைய பெண்கள் அணிகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாக் கல்லூரிகளும் எட்டையும் கொடுத்ததில்லை. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒன்றும் கொடுப்பதில்லை. இவற்றைக் கழித்த பிறகும், உலகில் வேறெங்கும் காணமுடியாத ஒரு பெருந்தொகை, டென்னிஸ் ஆடத் தெரிந்த பதினெட்டு வயதுப் பெண்களுக்கென்று ஆண்டுதோறும் காத்திருந்தது என்பதில் ஐயமில்லை.

தொடக்கத்தில் அதை அனுபவித்தவர்கள் அமெரிக்கப் பெண்களே. 1982 முதல் 1997 வரை ஒற்றையர் பட்டம் பெற்ற அத்தனை பேரும் அந்நாட்டுப் பெண்கள். 1998இல் ட்யூக் சர்வகலாசாலையின் வனெஸ்ஸா வெப் என்னும் கனடியப் பெண் அந்த வரிசையை முறித்தார். மறு ஆண்டே செக் நாட்டின் ஸுஸானா லெஸெனரோவா வென்றார். பிறகு 2005இல் ஸ்லோவாக்கியாவின் ஸுஸானா ஸெமெனோவா, 2006இல் ஹங்கேரியின் ஸுஸி பாபோஸ், 2011இல் மீண்டும் ஒரு ஸ்லோவாக்கியப் பெண், 2018இல் ஹாலந்தின் அரியன் ஹார்த்தோனோ, 2019இல் ஸ்பெயினின் எஸ்தெலா பெரெஸ் சோமரிபா, 2023இல் சீனாவின் தியன் ஃபாங்ரான் என்று பட்டியல் நீண்டது. பட்டம் வென்றவர்களைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது அணிகளின் சேர்மானம். இன்று அந்நாட்டின் உயர் பிரிவுக் கல்லூரி டென்னிஸில் ஆடும் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் அயல்நாட்டுப் பிரஜைகள். ஒரு அமெரிக்க ஆட்டக்காரிகூட இல்லாமல் ஒரு முழு அணி களமிறங்குவதும் அங்கே வியப்புக்குரிய காட்சியாக இல்லை.

இவ்வாறு நேர்ந்ததற்குக் காரணம் அமெரிக்காவில் மாத்திரம் இல்லை. ஐரோப்பாவில் விளையாட்டை வளர்ப்பது ஊர்க் கிளப்புகள். சர்வகலாசாலைகளுக்கும் விளையாட்டுக்கும் அங்கே ஏறத்தாழ உறவே கிடையாது. பதினெட்டு வயதில் ஒரு ஸ்பானியப் பெண்ணோ போலந்துப் பெண்ணோ படிப்பா, ஆட்டமா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். நம் நாட்டிலோ சர்வகலாசாலைக்கும் விளையாட்டுக்கும் உறவு உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை மண்டல அளவிலும் அகில இந்திய அளவிலும் நடக்கும் சர்வகலாசாலைகளுக்கிடையேயான போட்டியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கேலோ இந்தியா சர்வகலாசாலை விளையாட்டுப் போட்டிகள் 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கின. அவையும் வருஷத்துக்கு ஒரு திருவிழா. வாரந்தோறும் ஆட்டம், தினந்தோறும் பயிற்சி, கூடவே தேர்வு, பட்டம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் மட்டுமே பெரிய அளவில் இருக்கிறது. படிப்பையும் விட மனமில்லாமல் ஆட்டத்தையும் விட மனமில்லாமல் தவிக்கும் உலகத்துப் பெண்களெல்லாம் அந்த ஒரு வாசலில் போய் நிற்பது இயல்புதானே?

வாசலின் உட்புறத்தில் நிற்பவர் பயிற்சியாளர். அவருடைய நிலைமையை அறியாமல் இப்பிரச்சினையைப் புரிந்துகொள்ள முடியாது. கல்லூரி டென்னிஸில் ஒரு சந்திப்பு ஏழு புள்ளிகளைக் கொண்டது. ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்கு ஆறு புள்ளி. மூன்று இரட்டையர் ஆட்டங்களையும் சேர்த்து ஒரு புள்ளி. நான்கு புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். கால்பந்து அணியில் ஒரு நல்ல ஆளைச் சேர்த்தால் அது பெருங்கடலில் ஒரு துளி. இங்கோ முதலிடத்தில் ஆடக்கூடிய ஒரே ஒரு பெண்ணைச் சேர்த்தால், மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு படி கீழிறங்கித் தம்மைவிட வலுக்குறைந்த எதிரியைச் சந்திப்பார்கள். அணி முழுவதுமே உயர்ந்துவிடும். பயிற்சியாளரின் வேலை வெற்றிக் கணக்கில் தொங்குகிறது. உள்ளூரில் பதினைந்து வயதில் நம்பிக்கை தரும் ஒரு பெண்ணை மூன்று ஆண்டு வளர்த்தெடுக்க அவருக்கு அவகாசமும் இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. பெரியகுளத்தில் மாங்கன்று நட்டுக் காய்ப்புக்குக் காத்திருப்பவனுக்கும், கமிஷன் கடையில் பழுத்த பழத்தை எடைபோட்டு வாங்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வாங்குகிறவனிடம் குற்றம் காண்பது எளிது. அவனை வாங்கவைத்த சந்தையின் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சந்தை நடக்கும் விதம் மிகவும் நுணுக்கமானது. டென்னிஸ் உலகில் இப்போது யு.டி.ஆர். எனப்படும் ஒரு தரவெண் வழங்குகிறது. ஒன்று முதல் பதினாறரை வரை செல்லும் அந்த அளவுகோலில், ஆண், பெண், வயது, தேசம் எதையும் பாராமல், யாருடன் ஆடி எத்தனை கேம் எடுத்தார்கள் என்பதை வைத்தே ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு போடப்படுகிறது. டெக்ஸஸில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் ஒருவர் ருமேனியாவிலும் தைவானிலும் ஹைதராபாத்திலும் ஆடும் பெண்களை ஒரே ஏணியில் நிறுத்திப் பார்க்கலாம். அவருக்குப் பிடித்த எண் தென்பட்டால், பெண்ணின் ஆட்டப் படத்தைக் கேட்டு எழுதுவார். படத்தில் வெற்றிப் பந்துகளை மட்டும் தொகுத்து அனுப்பினால் அனுபவசாலிகள் திருப்தியடைய மாட்டார்கள்; ஒரு முழு செட்டை வெட்டாமல் அனுப்பச் சொல்வார்கள். இரண்டாவது சர்வீஸ் எப்படி விழுகிறது, ஒரு புள்ளியைத் தோற்றபின் அந்தப் பெண் அடுத்த புள்ளிக்கு எப்படி வந்து நிற்கிறாள் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். பிறகு பள்ளி மதிப்பெண்கள், ஆங்கிலத் தேர்வு, தொழில்முறை ஆட்டக்காரியாகிவிடவில்லை என்னும் சான்று, விசா நேர்காணல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவ்வளவும் முடிய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும்.

அமெரிக்கப் பெற்றோர்களிடையே எழும் ஆட்சேபங்களை இனி நோக்குவோம். முதலாவது, வரிப்பணம் பற்றியது. மாநில அரசின் சர்வகலாசாலை அந்த மாநில மக்களின் வரியால் நடப்பது. அதன் உபகாரச் சம்பளத்தை அந்த மக்களின் மகளுக்குக் கொடாமல் அயலாருக்குக் கொடுப்பது தகுமா என்று கேட்கிறார்கள். இதை வெறும் துவேஷம் என்று தள்ளிவிட நான் ஒப்பமாட்டேன். பத்து வயதிலிருந்து மகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டிக்குக் காரில் அழைத்துச் சென்ற தாய் ஒருத்தி, உள்ளூர்க் கல்லூரி அணியில் தன் மொழி பேசுகிறவள் ஒருத்தியும் இல்லாததைக் காணும்போது அவள் மனம் நோவது மனித சுபாவம். ஆயினும் சர்வகலாசாலை என்பது அந்தப் பெயருக்கு உரிய பொருளோடு இயங்குமானால், ரசாயன ஆராய்ச்சிக்கு எந்த நாட்டு மாணவன் திறமையுடன் வந்தாலும் அவனுக்குச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் அதே ஸ்தாபனம், ஆடுகளத்துக்கு மட்டும் வேறொரு நியாயம் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் வயதைப் பற்றியது. இது முதலாவதைவிட வலியது. அயல்நாட்டுப் பெண்கள் சிலர் பள்ளி முடித்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள் தொழில்முறைச் சுற்றில் ஆடித் தேர்ந்து, இருபது, இருபத்தொரு வயதில் முதலாண்டு மாணவியாக வந்து, பதினெட்டு வயதுப் பெண்களை எதிர்கொண்டார்கள். இது சமமான போட்டி அன்று. சங்கமும் அதை உணர்ந்தது. பள்ளி முடித்து ஆறு மாதத்துக்குள் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் ஆடும் உரிமையில் ஆண்டு கழியும் என்ற விதி 2012 முதல் டென்னிஸுக்கு அமலாயிற்று. நாட்டுப் பெயரைச் சொல்லாமல், எல்லாருக்கும் பொதுவாக வயதையும் காலத்தையும் வரையறுத்த அந்த முறையே சரியான முறை என்பது என் அபிப்பிராயம்.

அயல்நாட்டாருக்கு இத்தனை பேர் என்று ஒரு வரம்பு கட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நம் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஆடும் பதினொருவரில் நால்வருக்கு மேல் வெளிநாட்டார் இருக்கலாகாது என்ற விதி நமக்கெல்லாம் பரிச்சயமானது. ஆனால் அது வியாபார ஸ்தாபனங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அமெரிக்கக் கல்லூரிகளோ 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை; மத்திய அரசின் உதவி பெறும் இடத்தில் ஒருவர் பிறந்த தேசத்தைக் காரணம் காட்டி விலக்குவதை அது தடுக்கிறது. வரம்பு விதிக்கும் யோசனை எழும்போதெல்லாம் அந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

மூன்றாவது ஆட்சேபம், அயலார் வருவதால் அமெரிக்கப் பெண்களின் ஆட்டம் நலிந்துவிடும் என்பது. இதற்கு நடப்பே விடை கூறியிருக்கிறது. அயல்நாட்டுப் பெண்கள் நிறைந்திருந்த அதே காலத்தில், வர்ஜீனியா சர்வகலாசாலையின் டேனியல் காலின்ஸ் 2014இலும் 2016இலும் கல்லூரிப் பட்டம் வென்று, 2022இல் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டத்தில் ஆடினார். அதே சர்வகலாசாலையின் எம்மா நவாரோ 2021இல் கல்லூரிப் பட்டமும், 2024இல் அமெரிக்க ஓபன் அரையிறுதி வாய்ப்பும் பெற்றார். வலிய எதிரிகளோடு வாரந்தோறும் மோதியது அவர்களுக்கு நஷ்டமாக முடியவில்லை. நஷ்டப்பட்டவர்கள் அவர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்கள். ஆறாம் இடத்திலோ ஏழாம் இடத்திலோ ஆடியிருக்கக்கூடிய உள்ளூர்ப் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்த நஷ்டம் மெய்யானது. இதை மறைத்துவிட்டு அயல்நாட்டுச் சேர்க்கையைப் புகழ்வது நேர்மையாகாது.

வருகிற பெண்களின் பக்கத்திலும் குறைகள் உண்டு. 2021 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. மாணவர் விசாவில் வந்தவர்களுக்கோ அந்நாட்டில் வேலை செய்து பொருளீட்டுவதற்குக் கடுமையான தடை. ஒரே அணியில், ஒரே களத்தில், ஒரே வியர்வை சிந்தும் இருவரில் ஒருத்திக்குச் சம்பாத்தியம், மற்றவளுக்கு அச்சம். பரிசுப் பணத்தின் விஷயமும் இப்படியே. ரஷ்யாவின் டயானா ஷ்னைடர் 2022-23இல் வடக்குக் கரோலினா மாநில சர்வகலாசாலைக்கு ஆடியபோது, தொழில்முறைப் போட்டிகளில் தாம் வென்ற பெருந்தொகையை விதியின் பொருட்டு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இரட்டையர் வெள்ளி வென்றது அதற்குப் பின். அமெரிக்கப் பெண்ணான ரீஸ் பிரான்ட்மையர் இந்தப் பரிசுப்பண விதியை எதிர்த்து 2024இல் வழக்கே தொடுத்தார்.

கல்லூரி ஆட்டக்காரர்களுக்கும் சங்கத்துக்கும் இடையிலான வேறொரு வழக்கில் 2025 ஜூன் 6ஆம் தேதி ஒரு கூட்டாட்சி நீதிபதி அங்கீகரித்த உடன்படிக்கை எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கியிருக்கிறது. அதன்படி, அந்த உடன்படிக்கையில் சேருகிற கல்லூரிகளில் உபகாரச் சம்பள எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. அணியின் அளவுக்குத்தான் வரம்பு. டென்னிஸில் ஆண், பெண் இருபாலருக்கும் அது பத்து. கேட்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். ஆனால் அதே உடன்படிக்கை, கல்லூரி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரே பங்கிடலாம் என்கிறது. அதில் பெரும்பகுதி கால்பந்துக்குப் போகும். வருமானம் தராத டென்னிஸின் கைக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற கவலை பயிற்சியாளர்களிடையே இருக்கிறது. அதே ஆண்டு மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணல்கள் சில வாரம் நிறுத்தப்பட்டு, பிறகு சமூக வலைதளப் பரிசோதனையோடு தொடங்கின. வாசல் இப்போதும் திறந்தே இருக்கிறது. ஆனால் முன்போல் அகலமாக இல்லை.

இந்த வாசலில் நுழைந்த இந்தியர் பலர் ஆண்கள். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிஸிஸிப்பி சர்வகலாசாலைக்கு ஆடி, லெபனானைச் சேர்ந்த அலி ஹமாதேயுடன் 1995இல் கல்லூரி இரட்டையர் பட்டம் வென்றார். சென்னையில் பயின்று வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாவுக்காக 2007, 2008 ஆகிய இரண்டாண்டுகளும் ஒற்றையர் பட்டம் வென்றார். பெண்களின் வரிசை சிறியது. 1998இல் ஆஸ்திரேலிய ஓபன் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்று சரித்திரம் படைத்த நம் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனுக்குக் கல்லூரி வழி அமையவில்லை. பணத்துக்கும் பயிற்சிக்கும் திண்டாடித் தனி முயற்சியால் ஐரோப்பாவில் தங்கித்தான் அவர் முன்னேறினார். அண்மையில் ஹைதராபாத்தின் சஹஜா யமலபள்ளி டெக்ஸஸில் சாம் ஹூஸ்டன் மாநில சர்வகலாசாலையில் ஆடிப் படித்துத் திரும்பி, நாட்டின் முன்னணி ஆட்டக்காரிகளில் ஒருவரானார். திறமையில் குறைவில்லாத தமிழ்ப் பெண்கள் இன்னும் பலர் அந்த வழியில் போயிருக்கலாம். போகாததற்குப் பணம் ஒரு காரணம். பெண்ணைத் தனியே அனுப்பும் தயக்கம் இன்னொன்று. இப்படி ஒரு வழி இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம்.

தேனியிலிருந்து பார்க்கையில் இந்தத் தூரம் இன்னும் நீளுகிறது. அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் சிறுவர் போட்டிகள் படிப்படியாக அமைந்தவை. கீழ்ப்படியில் புள்ளிகள் சேர்த்தால்தான் மேற்படியில் இடம். அந்தப் போட்டிகளுக்கு மதுரையோ கோவையோ சென்னையோ போகவேண்டும். ஒரு வாரம் தங்கவேண்டும். தாயோ தந்தையோ கூடப் போகவேண்டும். போடிநாயக்கனூருக்கு 2010 கடைசியில் நின்றுபோன ரயில் திரும்பி வர 2023 ஜூன் ஆயிற்று. கூடலூரிலும் கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் தாய்மாரின் பெண்களுக்கு ஒரு ராக்கெட்டின் விலை சில நாள் கூலி. அதன் நரம்பு அறுந்தால் மாற்றுவதற்கு இன்னொரு நாள் கூலி. ஆட்டக்காரியின் ராக்கெட் நரம்போ அடிக்கடி அறும். பதினெட்டு வயதில் கல்லூரி இலவசமாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதினெட்டை எட்டுவதற்குள் செலவிட வேண்டிய லட்சங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு எந்த உபகாரச் சம்பளமும் கிடையாது. அயல்நாட்டுச் சேர்க்கையை ஏழை நாடுகளின் பெண்களுக்குக் கிடைத்த கொடை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. டெக்ஸஸுக்கோ கலிபோர்னியாவுக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் தம் தம் நாட்டில் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களே.

எனினும் வெளியூர் ஆட்டக்காரரை அழைப்பது, உள்ளூரார் இடம் இழப்பது என்ற பிரச்சினை நமக்கு அந்நியமானதன்று. பெரியகுளத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக மே மாதத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தி வரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மின்விளக்கு வெளிச்சத்தில் கடற்படை, விமானப்படை, வங்கி, ரயில்வே அணிகள் வந்து ஆடும். காலரியில் வயதானவர்களும் பெண்களும் குழந்தைகளும் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு பாட்டி, பந்து வளையத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்பும்போது, "ஃபாலோ பண்ணலியேப்பா" என்று பஞ்சாபிப் பையனைத் தமிழில் கடிந்துகொள்வதைக் கேட்கலாம். வெளியூரார் வந்ததால் அந்த ஊரின் ஆட்டம் செத்துவிடவில்லை. அவர்களைப் பார்த்துத்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பந்தைத் தொட்டார்கள். ஆனால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: விருந்தாளிகள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் அதே தளத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பந்து கிடைத்தது. அந்தக் காலை இல்லாதிருந்தால் மே மாதத்து இரவுகளால் ஊருக்கு வேடிக்கைதான் மிஞ்சியிருக்கும்.

நம் மகளிர் கல்லூரிகளின் விளையாட்டுச் சேர்க்கையை இந்த அளவுகோலால் அளக்கலாம். 1971இல் தோன்றிய பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, தேனி நாடார் சரஸ்வதி கல்லூரி, கம்பம் ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரி முதலியவை இப்பள்ளத்தாக்கில் பெண்கல்வியைப் பரப்பியவை. 1984இல் கொடைக்கானலில் நிறுவப்பட்ட அன்னை தெரஸா மகளிர் சர்வகலாசாலை இப்பகுதிப் பெண்களுக்குத் தனிச் சர்வகலாசாலையாயிற்று. இவற்றில் எதையும் குறித்துச் சொல்லாமல், தமிழ்நாட்டின் பொதுவான வழக்கத்தைச் சொல்கிறேன். உடற்கல்வி இயக்குநர்கள் மாநிலப் பள்ளிப் போட்டிகளுக்குப் போய், கூடைப்பந்திலும் கபடியிலும் கையுந்துப் பந்திலும் தேர்ந்த பெண்களைப் பார்த்து, கட்டணமில்லை, விடுதி இலவசம் என்று சொல்லி, வேறு மாவட்டங்களிலிருந்து அழைத்துவருகிறார்கள். சர்வகலாசாலைக் கோப்பை கல்லூரிக்கு வருகிறது. அழைக்கப்பட்ட பெண்ணுக்குப் படிப்பு கிடைக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரருக்குள்ள மூன்று சதவீத ஒதுக்கீட்டுக்கு அவள் தகுதி பெறுகிறாள். விருதுநகரிலோ திண்டுக்கல்லிலோ ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இது வாழ்க்கையையே மாற்றும் காரியம். இதைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கூடலூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பஸ்ஸில் கல்லூரிக்கு வரும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்தக் கல்லூரி மைதானம் என்ன கொடுக்கிறது? நான்கு மணிக்கு வகுப்பு விட்டதும் கடைசி நல்ல பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியவள், ஐந்தரை மணிப் பயிற்சியில் நிற்க முடியாது. விடுதியில் தங்கும் வெளிமாவட்டப் பெண்தான் நிற்க முடியும். ஆகவே உள்ளூர்ப் பெண் தகுதிக் குறைவால் விலகுவதில்லை; பஸ் நேரத்தால் விலகுகிறாள். பள்ளிப் பருவத்தில் குறுவட்டப் போட்டியிலும் வருவாய் மாவட்டப் போட்டியிலும் ஓடி ஜெயித்தவள், கல்லூரியில் பார்வையாளர் வரிசைக்கு வந்துவிடுகிறாள். அமெரிக்காவின் ஏழாம் இடத்துப் பெண்ணுக்கு நேர்ந்த அதே நஷ்டம் இங்கே இவளுக்கு நேர்கிறது. அங்கே காரணம் தரவெண், இங்கே காரணம் பேருந்து. இதற்கு வெளிமாவட்டப் பெண்ணை நிறுத்துவது பரிகாரமாகாது. காலை ஏழரை மணிக்கு ஒரு பயிற்சி நேரம், மாலைப் பயிற்சி முடிந்தபின் பெண்களை ஏற்றிச்செல்ல ஒரு கல்லூரி வண்டி, முதல் அணிக்கு அடுத்தாற்போல் உள்ளூர்ப் பெண்களைக் கொண்ட இரண்டாம் அணி, அந்த அணிக்கும் ஆண்டு முழுவதும் ஆட்டம். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை. அழைத்துவரப்பட்ட ஆட்டக்காரி தன் உபகாரத்துக்கு ஈடாக வாரம் இரண்டு நாள் அருகிலுள்ள பள்ளிச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தால், அவள் கொண்டுவந்த வித்தை அவளோடு ஊரைவிட்டுப் போய்விடாது. உள்ளூர் மைதானத்தில் இந்த ஏற்பாடு உள்ள கல்லூரிக்கு எத்தனை வெளியூர்ப் பெண்கள் வந்தாலும் நான் வரவேற்பேன். இது இல்லாத கல்லூரியின் கோப்பைகளை மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

டென்னிஸ்வரை எட்டக்கூடிய வசதியும் விருப்பமும் உள்ள குடும்பங்கள் பள்ளத்தாக்கில் சில இல்லாமலில்லை. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சங்கம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்களைக் கணக்கெடுக்கிறது. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம் முதலியவற்றில் பதினாறு பாட அலகுகள் முடித்திருக்க வேண்டும்; பத்தாம் வகுப்பில் ஆட்டத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டுப் பிறகு சரிக்கட்டலாம் என்று எண்ணுகிறவர்கள் ஏமாறுவார்கள். கல்லூரியில் சேருமுன் டென்னிஸில் ஆண்டுக்குப் பதினாயிரம் டாலர் வரை பரிசுப்பணம் பெறலாம் என்பது 2024இல் இருந்த விதி. அதற்கு மேற்பட்டால் அந்தந்தப் போட்டியின் உண்மைச் செலவுக்கு மிகாமல் இருக்க வேண்டியிருந்தது. ஆகையால் இப்போதைய விதியைக் கேட்டறிந்து, ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். இடம் வாங்கித் தருகிறோம் என்று பெரிய நகரங்களிலிருந்து முகவர்கள் வருவார்கள். தகவல் திரட்டிக் கொடுப்பதற்கு ஒரு நிலையான கட்டணம் வாங்குவது விதிக்கு உட்பட்டது. கிடைக்கும் உபகாரச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் தங்களுக்கு என்று கேட்பவரிடம் கையெழுத்திட்டால், பெண்ணின் ஆடும் உரிமையே பறிபோகலாம். பயிற்சியாளருக்குக் கடிதம் எழுத முகவரே தேவையில்லை. அவர்களுடைய முகவரிகள் சர்வகலாசாலைப் பக்கங்களில் வெளிப்படையாக இருக்கின்றன. கடிதத்தைப் பெண் தன் கையால் எழுத வேண்டும். அந்த அணியில் சென்ற ஆண்டு யார் யார் ஆடினார்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினார்கள், காயம்பட்டவளுக்கு உபகாரச் சம்பளம் தொடர்ந்ததா என்று மூன்று கேள்விகளை அவள் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே விமானச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.